வரலாறும் நம் வீட்டு வரலாறும்

சென்ற ஆண்டு முழுப் பரீட்சைக்கு முந்திய வாரம் அது. மாலைச் செபமாலை முடிந்து கோவில் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பீடச் சிறுவர்களுள் ஒருவன், எட்டாம் வகுப்பு மாணவன், தூணில் சாய்ந்தபடி சமூக அறிவியல் பாடத்தை உரக்க உருப்போட்டுக்கொண்டிருந்தான். போர்த்துக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், 1690இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இந்த இடத்தை மூன்று முறை சொல்லிவிட்டு, திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்:

“இது எந்த நாகப்பட்டினம் ஃபாதர்?”

“நம்ம ஊருதான்டா.”

“நம்ம ஊரா?” என்று வியந்தவன், தெருவை ஒருமுறை பார்த்தான். பிறகு புத்தகத்தைப் பார்த்தான். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பரீட்சைக்கு அது வேண்டியதில்லை என்று எண்ணினானோ என்னவோ, அடுத்த பத்திக்குப் போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அவனைக் குறைசொல்ல எனக்கு அருகதை இல்லை. குருமடத்தில் திருச்சபை வரலாற்றை நான் இதே முறையில்தான் படித்தேன். நிசேயா 325, எபேசு 431, கால்சதோன் 451 என்று பொதுச்சங்கங்களை வரிசை தவறாமல் ஒப்புவிப்பேன். ஆனால் என் அப்பாயி எந்த ஊரில் பிறந்தார், எத்தனை வயதில் மணமுடித்து வந்தார், அவருக்கு எழுத்தறிவு உண்டா இல்லையா என்பதை ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. நான் இறையியல் இரண்டாம் ஆண்டு படிக்கையில் அவர் இறந்துபோனார். அடக்கத் திருப்பலியில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும்படி பங்குத்தந்தை பணித்தபோது, ‘நல்லவர், பக்தியுள்ளவர்’ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உலகத் திருச்சபையின் இரண்டாயிரம் ஆண்டுகளை அறிந்திருந்தவனுக்கு, தன்னைத் தோளில் சுமந்தவரின் எழுபது ஆண்டுகள் தெரியாமற்போயின.

இந்நிலை நம் பிள்ளைகளுக்கும் தொடர வேண்டுமா? இதைத்தான் பெற்றோராகிய உங்களோடு சேர்ந்து இங்கே சிந்திக்க விரும்புகிறேன்.

பிள்ளை கேட்கும் கேள்வி

இஸ்ரயேல் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்த முறையை விவிலியத்தில் காண்கிறோம். அங்கே பாடம் தொடங்குவது ஆசிரியரிடமிருந்தன்று, பிள்ளையின் கேள்வியிலிருந்து. பாஸ்கா உணவின்போது இந்தச் சடங்குக்குப் பொருள் என்ன என்று பிள்ளை கேட்பான், அப்போது தந்தை விடைசொல்ல வேண்டும் என்று விடுதலைப் பயண நூல் விதிக்கிறது. இணைச் சட்ட நூலிலும் இதே ஏற்பாடு உண்டு. தந்தை சொல்லவேண்டிய விடையின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அவர்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தார்கள் என்று அவன் சொல்வதில்லை. நாம் அடிமைகளாயிருந்தோம் என்கிறான். நிகழ்ச்சி நடந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தாலும் அவன் ‘நாம்’ என்றே பேச வேண்டும்.

அதே நூலின் 26ஆம் அதிகாரம் நம் டெல்டா மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. உழவன் தன் நிலத்தின் முதற்பலனைக் கூடையில் எடுத்துக்கொண்டு குருவின்முன் வருகிறான். விளைச்சல் நன்றாயிருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. தன் மூதாதை நாடோடியான ஓர் அரமேயர் என்று தொடங்குகிறான். எகிப்துக்குப் போனதையும், அங்கே ஒடுக்கப்பட்டதையும், ஆண்டவர் தங்கள் குரலைக் கேட்டதையும் அறிக்கையிடுகிறான். நிலம் கையில் இருக்கும் நாளில், நிலமில்லாதிருந்த நாளை நினைவுகூரக் கடமைப்பட்டவன் அவன்.

ஆண்டவர் இயேசுவும் தம் இறுதி இரவில் நமக்கு விட்டுச்சென்றது ஒரு நூலை அன்று. தம் நினைவாகச் செய்யும்படி ஓர் உணவை. அப்படியிருக்க, நினைவின் மக்களாகிய நம் வீடுகளில் நினைவு இவ்வளவு அருகிப்போனது எப்படி?

இரண்டு பக்கங்கள்

கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கத்தில், பள்ளிப் பாடத்தில் படித்த நிகழ்ச்சி ஒன்றை ஆண்டோடு எழுத வேண்டும். வலப்பக்கத்தில், அந்தக் காலத்தில் தங்கள் குடும்பத்தார் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுத வேண்டும். தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம், கற்பனையாக நிரப்பக்கூடாது. இதுதான் ஒரே விதி.

முதல் வாரம் இடப்பக்கங்கள் நிரம்பியிருந்தன; வலப்பக்கங்கள் வெறுமையாயிருந்தன. “ஆயாவுக்கு வருஷம் தெரியல ஃபாதர்” என்றார்கள். உண்மைதான். நம் முதியோரின் கணக்கு ஆண்டுக் கணக்கு அன்று. ‘பெரும்புயல் அடிச்ச வருஷம்’, ‘மேட்டூர்த் தண்ணி வராத வருஷம்’, ‘உன் பெரியப்பன் கைக்குழந்தையா இருந்தப்ப’ என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அதுவும் வரலாறுதான். நாகையைத் தாக்கிய பெரும்புயல்கள் 1952இலும் 1977இலும் வீசின என்பது நமக்குத் தெரியும். ஆயாவின் புயல் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பெரியப்பாவின் வயது கிடைத்துவிடும். இப்படிக் கணக்குப் போடத் தெரிந்த பிறகு பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்தது.

அடுத்து, பங்கு அலுவலகத்தின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் எல்லாப் பங்குகளிலும் உள்ளன. ஆனால் அவை எப்படி வந்தன என்பதைப் பலர் அறியார். திருமணங்களைப் பங்குக்குரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டுமென்றும், திருமுழுக்கில் ஞானப் பெற்றோரின் பெயரைக் குறிக்க வேண்டுமென்றும் 1563ஆம் ஆண்டு திரிதெந்தீன் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் அவற்றுக்கு ஒரு பொது வடிவம் தந்தது. இரகசியத் திருமணங்களைத் தடுப்பதற்கென்று பிறந்த சட்டம் அது. ஆனால் அதன் பயனாக, அரசன் கல்வெட்டில் இடம்பெறாத ஏழை ஒருவனின் பெயர், அவன் தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த நாள் யாவும் கோவில் ஏட்டில் ஏறின. பட்டா இல்லாதவருக்கும் ஞானஸ்நானப் பதிவு உண்டு.

பழுப்பேறிய அந்த ஏடுகளைப் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து பார்த்தார்கள். பழைய பதிவுகள் இலத்தீனில் இருந்தன. பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கண்ட சிறுவன் ஒருவன் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துவிட்டு, எடுக்கவே மறந்துபோனான்.

கடல் கடந்தவர்கள்

வலப்பக்கங்கள் நிரம்பத் தொடங்கியதும் நம் ஊரின் வரலாறே எழுந்து வந்தது. முதலில் வந்தது கப்பல்.

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடமாக உள்ளது. ஜப்பானியப் படைகள் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய செய்தியைப் பிள்ளைகள் இரண்டு மதிப்பெண் விடையாக அறிவார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘எங்கள் பாட்டியின் பெரியப்பா மலாயாவுக்குப் போனார். கடிதம் வந்துகொண்டிருந்தது. சண்டை வந்த பிறகு வரவில்லை.’ அவ்வளவுதான். மூன்றே வாக்கியங்கள்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்து ஏழைகளை ஏற்றி அனுப்பிய தலையாய துறைமுகங்களுள் நம் நாகப்பட்டினமும் ஒன்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்தது. தோட்டத்திலிருந்து வரும் கங்காணி தன் சொந்தக் கிராமத்திலேயே ஆள் சேர்த்து, இங்குள்ள முகாமில் தங்கவைத்துக் கப்பலேற்றுவான். பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் சென்று ஏற வேண்டும். அக்கரை சேர்ந்தவர்களைப் பினாங்கையடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தனித்து வைத்திருந்தார்கள். 1938இல் இந்திய அரசு இவ்வாறு கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்தது. ஆனால் கப்பல் நிற்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ 1970களின் தொடக்கம் வரையிலும், அதன்பின் ‘சிதம்பரம்’ தீவிபத்துக்குள்ளாகும் வரையிலும் பயணிகளை ஏற்றிச் சென்றன. இப்பெயர்களைச் சொன்னால் நம் முதியோர் பலரின் கண்கள் இன்றும் கலங்கும்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசென்றனர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அவர்களுள் எண்ணற்றோர் அங்கேயே மாண்டனர். பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. அந்த மாணவியின் பெரிய பாட்டனார் அவர்களுள் ஒருவரா? அறிய வழியில்லை. ஆனால் அவள் பாட்டி மட்டும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறையில்லாத தன் பெரியப்பாவுக்காகத் தன் தாயாரின் கல்லறையிலேயே கூடுதலாக ஒரு மெழுகுதிரி ஏற்றிவந்திருக்கிறார். ஏனென்று பேத்தி இதுவரை கேட்டதில்லை. இந்த ஆண்டுதான் கேட்டாள்.

வேறொருவன் வீட்டில் இருப்புப்பாதை கிடைத்தது. 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கும், மறு ஆண்டில் திருச்சிக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை பல காலம் நம் ஊரில் இருந்து, 1920களின் இறுதியில் பொன்மலைக்கு மாறியது. தங்கள் உறவினர்களில் பாதிப்பேர் ஏன் பொன்மலையில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவனுக்கு அன்று விடை கிடைத்தது.

திறக்க வேண்டுமா என்று தயங்கிய பக்கம்

இதுவரை சொன்னவை இனிய செய்திகள். துயரமாயினும் சொல்லக்கூடிய துயரங்கள். இனிச் சொல்லப்போவது அப்படியன்று.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் ஆயாவின் தந்தையுடைய திருமுழுக்குப் பதிவைப் பார்க்க விரும்பினாள். தேடினேன், கண்டேன். பெயருக்குப் பக்கத்தில் சாதியும், எந்தப் பண்ணையைச் சேர்ந்த ஆள் என்பதும் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் என்னைப் போன்றதொரு குரு. ஆண்டவரின் திருமுன் அடிமையென்றும் உரிமைக்குடிமகன் என்றும் வேறுபாடில்லை எனக் கற்பிக்கும் தண்ணீரை ஊற்றிய கையே, அடுத்த நிமிடம் பேனா எடுத்து அதை எழுதியிருக்கிறது. ஏட்டை மூடிவிட்டு, நாளை வா என்று அவளை அனுப்பினேன்.

மாலையில் அவள் தந்தை வந்தார். அரசு அலுவலகத்தில் பணிபுரிபவர்; பண்பாளர். நெடுநேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டுச் சொன்னார்: “ஃபாதர், அந்தப் பக்கத்துல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். பிள்ளைங்க படிச்சு மேல வர்ற நேரம். இதெல்லாம் இப்பக் கிளறணுமா?”

அவருக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மறக்கும் உரிமையும் காயப்பட்டவனுக்கு உண்டு. உங்கள் விருப்பம் எதுவோ அதுவே ஆகட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் அம்மாணவி தன் ஆயாவுடன் வந்தாள். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மூதாட்டி. “சாமி, ஏட்டுல என்ன எழுதியிருந்தா என்ன? நடந்தது எனக்குத்தானே தெரியும். நான் சொல்றேன், அவ எழுதட்டும்” என்றார். திண்ணையில் அமர்ந்து ஒன்றரை மணி நேரம் சொன்னார். விடியுமுன் வயலுக்குப் போனதை. கூலி நெல்லை மரக்காலால் அளந்ததை. பிழை செய்தவனுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் என்று தன் தந்தை சொல்லக் கேட்டதை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்று பாடப்புத்தகத் தகவலை நான் எடுத்துச் சொன்னபோது, “சட்டம் வந்துச்சு சாமி, மரக்கா மாறல” என்றார்.

பிறகு 1968ஐச் சொன்னார். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர்கள் கீழவெண்மணியில் தாக்கப்பட்டு, உயிருக்கஞ்சி ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, உயிரோடு எரிக்கப்பட்ட நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். அது நடந்தது டிசம்பர் 25 இரவு. அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல் என்றே இப்பகுதி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது.

“எங்கப்பாதான் வருஷா வருஷம் கோயில்ல குடிலுக்குக் கூரை வேய்வாரு சாமி. அந்த வருஷமும் வேஞ்சாரு. மறுநாள் சேதி வந்துச்சு. அதுக்கப்புறம் அவரு சாகுறவரைக்கும் குடில் வேய வரல. ஏன்னு அப்ப இருந்த சாமியாரு கேக்கவும் இல்ல.”

அம்மாணவி எல்லாவற்றையும் எழுதினாள். மறுவாரம் நோட்டைக் கொண்டுவந்தபோது, அவள் எழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘நான் என் அம்மாவிடம் இதைக் கேட்டதே இல்லை’ என்று அவள் தந்தை எழுதியிருந்தார்.

“எங்க தாத்தா கெட்டவரா?”

ஒரு வகுப்பில் ஒரே வகையான குடும்பங்கள் இருப்பதில்லை. அதே மறைக்கல்வி வகுப்பில், பண்ணையில் காரியக்காரராயிருந்து மரக்கால் பிடித்து அளந்தவரின் கொள்ளுப்பேரனும் இருந்தான். தன் வீட்டில் பெருமையாகச் சொல்லக் கேட்டதை அவன் முன்னரே நோட்டில் எழுதியிருந்தான். அந்த மாணவி வாசித்த நாளில் அவன் தன் நோட்டை வாசிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, “அப்ப எங்க தாத்தா கெட்டவரா ஃபாதர்?” என்று கேட்டான்.

முன்னோரின் பாவத்துக்குப் பிள்ளை குற்றவாளி அல்லன் என்பதை எசேக்கியேல் இறைவாக்கினர் தெளிவாகக் கற்பித்திருக்கிறார். அதைச் சொன்னேன். ஆனால் அதோடு நிறுத்தினால் அது பாதி உண்மை. சொத்தை வாங்கிக்கொள்பவன் கடனையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அவனுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்து, நம் திருச்சபைக் குடும்பத்தின் கதையையே சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் சோழர் வரலாறு வருகிறது. கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு, சைவராகிய முதலாம் இராசராசர் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினார். அந்தச் செப்பேடுகள் பின்னர் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன. ஆனைமங்கலம் இன்றும் நமக்கருகே அதே பெயரோடு இருக்கிறது. பெண்யானையை நடத்தி எல்லை குறித்ததும், அளக்க வேண்டிய நெல்லின் கணக்கும் அச்செப்பேட்டில் உள்ளன. நாற்று நட்டவள் பெயர் அதில் இல்லை. அவள் பெயரைத் தேடுவது பேத்திகளின் வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்த விகாரத்தோடு தொடர்புடையதென்று கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நம் ஊரில் நின்றது. கடலில் வருவோர்க்கு அது கரைகாட்டும் அடையாளமாயிருந்தது. சர் வால்டர் எலியட் 1846இல் அதைக் கண்டு பின்னர் எழுதியிருக்கிறார். 1856 முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் அப்பகுதியிலிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். அக்கோபுரம் இன்று இல்லை. அரசின் அனுமதி பெற்று 1867இல் அதை இடித்தவர்கள் யார்? நம் இயேசு சபைக் குருக்கள். 1844இல் நாகையில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியை நிறுவி, சாதி பாராமல் பல்லாயிரம் பேர்க்குக் கல்வி தந்த அதே சபையினர்.

கல்லூரியை நினைத்து நாம் பெருமைகொள்கிறோம்; கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கல்லூரி ‘நம்முடையது’ என்றால் இடித்த கடப்பாரையும் நம்முடையதுதான். எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரு சமயத்தாரின் செபத்துக்குச் சாட்சியாக நின்றதை நம்மவர் பாழடைந்த சுவர் என்று மட்டும் கண்டார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். தங்கள் காலத்தின் கண்களால் பார்த்தார்கள். பௌத்த சமயத்தில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மதிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல்தான். 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடந்த காலத்தில் திருச்சபையின் பிள்ளைகள் செய்த தவறுகளுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அந்தத் தவறுகளை அவர் செய்யவில்லை. ஆயினும் அவை ‘பிறர்’ செய்தவை என்று அவர் விலகிக்கொள்ளவும் இல்லை.

“உன் தாத்தா உனக்கு நல்லவராகத்தான் இருந்திருப்பார். அவர் அளந்த மரக்கால் சிறியதாயிருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் எழுது. நீ அளக்கும்போது நிறைய அள” என்று அந்தச் சிறுவனிடம் கூறினேன். அவன் என்ன எழுதினான் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

கேட்க ஆளில்லாதவன்

கடைசி நாள்வரை ஒரு மாணவனின் வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். தலைகுனிந்து, “எனக்குக் கேட்க ஆளில்லை ஃபாதர்” என்றான்.

2004 டிசம்பர் 26. அது ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. அன்று தமிழகத்தில் மாண்ட ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நம் நாகை மாவட்டத்தில் மாண்டார்கள். நமக்கு அது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பிள்ளைகளுக்கோ அது அவர்கள் பிறப்பதற்கு முன் நடந்த வரலாறு. இடப்பக்கத்தில் எழுதும் ஓர் ஆண்டு. இந்த மாணவனின் தாய் அன்று பத்து வயதுச் சிறுமி. பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்துவிட்டு விடுதியில் வளர்ந்தவர். வீட்டில் ஒரு நிழற்படமும் மிஞ்சவில்லை. அதனால் அவர் பிள்ளையிடம் எதையும் சொன்னதுமில்லை.

நீர் பட்டுச் சுருங்கிய திருமுழுக்கு ஏடு ஒன்று எங்களிடம் உண்டு. எனக்கு முன்னிருந்த குருக்களுள் ஒருவர் அதை வெயிலில் ஒவ்வொரு தாளாக உலர்த்திக் காப்பாற்றியிருக்கிறார். அதில் அந்தத் தாயின் பதிவைத் தேடினேன். மை கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது: பிறந்த நாள், தந்தையின் பெயர், தாயின் பெயர், அதன் கீழே ஞானத்தாயின் பெயர். அந்த ஞானத்தாய் இன்றும் இரண்டு தெரு தள்ளி வாழ்கிறார்! நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் திரிதெந்தில் கூடிய ஆயர்கள் ஞானப் பெற்றோரின் பெயரையும் எழுதச் சொன்னதன் பயனை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

தாயும் மகனும் அவரைப் போய்ப் பார்த்தார்கள். உன் அப்பா சீட்டி அடித்தால் அக்கரைப் படகு திரும்பும், உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டாள், கருவாட்டுக் குழம்பு அவள் வைத்தால் தெருவே மணக்கும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். மகன் எழுதிக்கொண்டு வந்தான். நான் வாசித்த நோட்டுகளுள் மிகச் சிறியது அதுதான், ஒன்றரைப் பக்கம். அவன் தாய் அதை விவிலியத்துக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார்.

பெற்றோர்க்குச் சில வார்த்தைகள்

குடும்ப வரலாற்றைத் தேடுவதில் ஆபத்தும் உண்டு. ‘நாங்கள் இன்ன அரச குலம், இன்னாரைவிட உயர்ந்தவர்கள்’ என்று சாதிப் பெருமை பேசுவதற்கு அதைக் கருவியாக்குவோர் உண்டு. நற்செய்தியாளர் மத்தேயுவைப் பின்பற்றுங்கள். ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் தாமாரையும் இராகாபையும் அயல்நாட்டவளான ரூத்தையும் உரியாவின் மனைவியையும் அவர் மறைக்காமல் எழுதினார். எதையும் ஒளிக்காத பட்டியலின் முடிவில்தான் மீட்பர் பிறக்கிறார்.

ஆகவே இவ்வாண்டு விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தாத்தா பாட்டி உயிரோடிருக்கையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். பெரிய கேள்விகள் வேண்டியதில்லை. சின்ன வயதில் என்ன சாப்பிட்டீர்கள், பள்ளிக்கூடம் ஏன் நின்றது, முதன்முதலில் வாங்கிய கூலி எவ்வளவு, யாரைக் கண்டு பயந்தீர்கள் என்று கேட்டால் போதும். பெட்டியடியில் உள்ள பழைய கடிதம், கப்பல் சீட்டு, பத்திரம், கூப்பன் எதையும் குப்பையென எறியாதீர்கள். நிழற்படங்களின் பின்புறம் யார் யார் என்று இன்றே பென்சிலால் எழுதிவையுங்கள். பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் முன்னோரின் பெயரைக் காட்டுவது எந்தப் பங்குத்தந்தைக்கும் மகிழ்ச்சியே. சொல்ல விரும்பாத பெரியவரை வற்புறுத்தாதீர்கள், காத்திருங்கள்.

தூணில் சாய்ந்து உருப்போட்ட அந்தச் சிறுவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சென்ற வாரம் அவன் தன் தம்பியைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு கோவிலுக்கு வந்தான். “ஃபாதர், அந்தக் கோபுரம் இருந்த இடம் எதுன்னு இவனுக்குக் காட்டணும். நீங்க வந்து சொல்றீங்களா?” என்றான்.

இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தது. செபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.